கேள்வி கேட்டவர் பெயர்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இன்று, இந்த வெயிலில் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். இந்த நினைவு மலரில் அம்மாவின் கைப்பக்குவம் பற்றித் தங்கை எழுதிவிட்டாள். அவருடைய கோபத்தைப் பற்றிச் சித்தப்பா எழுதிவிட்டார். எனக்கு மிச்சமிருப்பது பல்கலைக்கழகம்தான். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவரைப் பற்றி எழுத வந்தவன் பல்கலைக்கழகத்தை இழுக்கிறானே என்று நினைக்க வேண்டாம். நான் எழுதப்போவது நம்மில் பலர் நேரில் இருந்து பார்த்தது.

அம்மா பிறந்தது குளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்ததில் படிக்கும் வயது போய்விட்டது. பதினெட்டில் கல்யாணமாகி, குன்றாண்டார்கோவிலுக்கு அருகே உள்ள எங்கள் ஊருக்கு வந்தார். கண்மாய்த் தண்ணீர் ஏறாத மூன்று ஏக்கர் செம்மண்தான் அப்பாவுக்கு இருந்தது. மானாவாரி. வரகும் கடலையும் மாறி மாறி விளைந்த நிலம். நம் மாவட்டத்தில் ஊர் ஊராக எழுத்தறிவு வகுப்புகள் நடந்த காலத்தில் அம்மா தன் பெயரை எழுதப் பழகினார், கூடவே சைக்கிளும் பழகினார். சைக்கிள் பிறகு மறந்துபோனது. கையெழுத்து மறக்கவில்லை. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமானார். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும், "நீ வேலைக்குப் போயி கிழிச்சது போதும், புத்தகத்த எடு" என்றார். அதுவரை நான் ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பல்கலைக்கழகம் நான்கு முறை வந்திருக்கிறது.

அம்மாவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஒரு ஜீப்பில் பேராசிரியர் ஒருவர் வந்தார். மானாவாரிப் பயிர்கள் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவையும் இன்னும் நான்கைந்து ஆண்களையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பகல் முழுக்க விசாரித்தார். பெண்களைக் கேட்கும் வழக்கம் அன்று எவருக்கும் இல்லை. அம்மா மோர்ச் செம்போடு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதவு இந்தக் கட்டுரையில் மறுபடி வரும்.

இரண்டாவது, டேப் ரெக்கார்டரோடு ஒரு மாணவி. பத்து நாள் எங்கள் வீட்டிலேயே தங்கி, அம்மாவோடு களையெடுத்து, களையெடுப்புப் பாட்டுகளைப் பதிவு செய்தார். "புத்தகம் வந்ததும் நானே கொண்டாந்து தாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "பாவம், அந்தப் பிள்ளைக்கு எங்க கல்யாணம் ஆச்சோ" என்பார்.

மூன்றாவது, கையில் டேப்லெட்டோடு வந்த பையன். ஒரு கேள்வி, இரண்டு கட்டம்.

"ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

"நான் என்ன கோர்ட்டுலயா தம்பி நிக்கிறேன்? ரெண்டுக்கும் நடுவுல உள்ளத எங்கிட்டு எழுதுவ?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"அப்ப கட்டத்த மாத்திக்கிட்டு வா. இப்ப மோரக் குடிச்சிட்டுப் போ."

நான்காவதாக வந்தவன் நான்.

எங்கள் வட்டாரத்தில் மானாவாரிப் பயிர்கள் மாறிய வரலாறுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. முப்பது விவசாயிகளைப் பார்த்துப் பேசினேன். அவர்களில் அம்மாவும் ஒருவர். அன்று அவர் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வரகை ஏம்மா விட்டீங்க?"

"குத்த முடியாதுன்னு விட்டோம். ஏழு தோலுடா அதுக்கு. மண் திருகையில அரச்சு, உரல்ல குத்தி, பொடச்சு, திரும்பக் குத்தி. காட்டுல வேல பாத்துட்டு வந்து இதையும் பாக்கணும். ஏழு பொம்பளைங்க பேசி வச்சு, இனிமே குத்துறதில்லன்னு ஒலக்கையத் தூக்கிப் பரண்ல போட்டோம். ஒங்க அப்பா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. மறுவருஷம் மூணு ஏக்கரும் கடலை. எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

குறிப்பேட்டில் எழுதினேன், உண்மை. ஆனால் ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தபோது ஜீப்பில் வந்த பேராசிரியரின் புத்தகம் மேசையில் இருந்தது. மழை பொய்த்ததால் இப்பகுதி மக்கள் வரகைக் கைவிட்டனர் என்று அதில் அச்சாகியிருந்தது. அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அந்த வரியை எடுத்தாண்டிருந்தார்கள். நானும் எடுத்தாண்டேன், பக்க எண்ணோடு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அச்சில் இருப்பதுதான் ஆதாரம், அம்மா சொல்வது பேச்சு என்று நினைக்கும் அளவுக்குப் படித்திருந்தேன்.

பைண்டு செய்த ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த மதியம் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?"

பின்னிணைப்பைப் புரட்டிக் காட்டினேன். பெ-7 என்று இருந்தது. பெண்களில் ஏழாமவர்.

"ஏழா? நான் என்ன டவுன் பஸ்ஸா?"

தகவல் தருபவர்களின் பெயரை வெளியிடக்கூடாது என்பது இப்போதைய விதி, அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாது என்பதற்காக என்று விளக்கினேன். நல்ல விதிதான். இன்றும் அதை மதிக்கிறேன்.

"நான் சொன்னத நான்தான் சொன்னேன்னு போடுறதுல எனக்கென்னடா தொந்தரவு?" என்றார். பிறகு, "சரி, வரகு பத்தி எழுதியிருக்கியே, அதப் படி" என்று கடலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். படித்தேன். மழை பொய்த்ததால் என்ற இடத்தில் அவர் கை கடலைத் தட்டில் நின்றது.

"அப்ப நான் சொன்னது?"

"புத்தகத்துல இருக்குறதுதாம்மா ஆதாரம்."

"சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

முனைவர் பட்டத்துக்குக் கடைசிப் படி பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். வேன் பிடித்து நம் சொந்தங்கள் இருபது பேர் வந்திருந்தீர்கள். அவையில் யாராவது கேட்க வேண்டுமே என்று இரண்டு நண்பர்களுக்குத் துண்டுச்சீட்டில் நானே கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தேன். பெரும்பாலும் எல்லோரும் செய்வதுதான். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர் ஒரு மூத்த பேராசிரியை. அவர் கேட்டவற்றுக்குப் பதில் சொன்னேன். நண்பர்கள் கேட்டார்கள், அதற்கும் பதில் சொன்னேன். பின்வரிசையில் சமோசா தட்டுகளின் சத்தம்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டது.

மூன்றாம் வரிசையில் அம்மா எழுந்து நின்றார். அரக்குச் சேலை. பக்கத்தில் இருந்த சித்தப்பா பதறிப்போய், "அண்ணி, உக்காருங்க, நம்ம கேக்கக் கூடாது" என்றார்.

"கேக்கலாம்னு மைக்குல சொன்னாங்கல்ல? இருங்க தம்பி." அம்மா தேர்வாளரைப் பார்த்தார். "டீச்சரம்மா, நான் ஒன்னு கேக்கணுங்க."

"கேளுங்கம்மா."

"மழை இல்லாம வரகை விட்டோம்னு இவன் எழுதியிருக்கான். நாங்க வரகை விட்ட வருஷம் எங்க கண்மாய் நெறஞ்சு மறுகால் போச்சுங்க. மழை இல்லாம மறுகால் எப்படிப் போகும்?"

நான் மைக்கைப் பிடித்துப் புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் சொன்னேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அந்தப் புத்தகத்துக்குச் சொன்னது ஒங்க அப்பாடா" என்றார் அம்மா. "நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். டீச்சரம்மா, அவரு ஒரு நாளும் வரகு குத்துனவரில்ல."

"அப்ப ஏன் அவர் மழைன்னு சொன்னார்?" என்று கேட்டார் தேர்வாளர்.

"பொண்டாட்டி குத்த மாட்டேன்னுட்டா, அதான் விட்டேன்னு, ஜீப்புல வந்தவர்கிட்ட எந்த ஆம்பளை சொல்லுவாருங்க?"

அரங்கம் சிரித்தது. என் நெறியாளரும் சிரித்தார். தேர்வாளர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

"இத உங்க மகன்கிட்ட முன்னாடியே சொன்னீங்களா?"

என் நான்கு வருட உழைப்பு அந்த ஒரு பதிலில் நின்றது. அம்மா 'சொன்னேன்' என்றால், கிடைத்த தகவலை மறைத்தவன் ஆவேன். சொல்லவில்லை என்றால் தப்பித்துவிடுவேன். அம்மா பொய் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. "அத அவன்கிட்டயே கேளுங்க" என்றார்.

"சொன்னாங்க" என்றேன். "என் குறிப்பேட்டுல இருக்கு. நான்தான் புத்தகத்த நம்பிட்டு இவங்கள விட்டுட்டேன்."

தேர்வாளர் நெறியாளரோடு தாழ்ந்த குரலில் கலந்தார். பிறகு அறிவித்தார்: பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், ஆனால் அந்தப் பெண்களை மீண்டும் சந்தித்து, அந்தப் பகுதியைத் திருத்தி எழுதிக் கொடுத்த பிறகுதான். அம்மாவைப் பார்த்து, "ஆய்வு தப்புன்னு பெத்த அம்மாவே எழுந்து சொல்றத இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

"பையன் தப்பா எழுதுனா அம்மா சொல்லாம பக்கத்து வீட்டுக்காரியா சொல்லுவா?"

பிறகு அலுவலக ஊழியர் படிவத்தோடு வந்தார். பொது வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்டவர் பெயர், பதவி, கேட்ட கேள்வி, கையெழுத்து எல்லாவற்றையும் பதிந்தாக வேண்டும். பெயரை அம்மாவே எழுதினார். "பதவி என்னம்மா போடுறது?" என்று ஊழியர் கேட்டார். இல்லத்தரசி என்று போடச்சொல்ல நான் வாயெடுத்தேன். "வரகு குத்துனவள்னு போடுங்க" என்ற அம்மா, ஊழியரின் பேனா தாளில் படும் முன் கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம். குத்துறத விட்டவள்னு போடுங்க."

அந்த மாதமே நான் புறப்பட்டேன். உலக்கையைப் பரணில் போட்ட ஏழு பேரில் அம்மாவைச் சேர்த்து நால்வர் உயிரோடு இருந்தார்கள். மற்ற மூவரில் இருவர் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். இன்னொருவர் கீரமங்கலத்தில் மகள் வீட்டில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். மூவரும் தனித்தனியாக ஒரே கதையைச் சொன்னார்கள். கீரமங்கலத்துப் பெரியம்மா மட்டும் ஒன்றைக் கூடுதலாகச் சொன்னார்: "நாங்க ஆறு பேரும் பயந்துக்கிட்டுத்தான்யா இருந்தோம். மொதல்ல ஒலக்கையப் போட்டது ஒங்க அம்மா. புதுப்பொண்ணு, வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல."

என்னிடமும் அரங்கத்திலும் அம்மா நாங்கள் என்றுதான் சொன்னார். நான் என்று சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். "யாராச்சும் மொதல்ல போடணும்ல" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

திருத்திய பக்கங்களில் அம்மாவின் பெயரைப் போட விதி இடம் தருமா என்று தயங்கினேன். வழி சொன்னவர் என் நெறியாளர். "தகவல் தந்தவர் பேரைத்தான் மறைக்கணும். கேள்வி கேட்டவர் பேரு பதிவேட்டுலயே இருக்கே, அதப் போடுறதுக்கு என்ன?" அம்மாவும் சம்மதம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். அடிக்குறிப்பாக அவர் பெயர் ஏறியது. இன்று யாராவது எங்கள் பகுதி வரகைப் பற்றி எழுதப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் என் ஆய்வேட்டைத் திறந்தால், பேராசிரியரின் வரிக்குப் பக்கத்திலேயே அம்மாவின் வரியையும் படித்தாக வேண்டும். பேராசிரியர் மீது எனக்குக் குறை இல்லை. அவர் கேட்டதை எழுதினார். கதவுக்குப் பின்னால் கேட்கத் தெரியாத காலம் அது. எல்லாம் கேட்டும் எழுதாதவன் நான்தான்.

நான் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்கள் ஊர்களில் போய் எழுதியதை, கல்லூரியில் கொடுப்பதற்கு முன் அந்த ஊரிலேயே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இது நான் வைத்திருக்கும் ஏற்பாடு. சிலர் திட்டு வாங்கித் திரும்புகிறார்கள். அப்படித் திரும்புகிறவர்களின் கட்டுரைகள் நன்றாக இருக்கின்றன.

சென்ற ஆண்டு அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி அரசு மருத்துவமனையில் இருந்தபோது, எங்கள் ஊரில் ஆய்வு செய்த மாணவி ஒருத்தி கட்டிலருகே உட்கார்ந்து தன் கட்டுரையைப் படித்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் நிறுத்தினாள்.

"முழிச்சுத்தான் இருக்கேன். அந்தக் கடலை எடத்தத் திரும்பப் படி. வெதச்சது ஆடியில இல்ல, ஆனியில."

அவள் அங்கேயே திருத்தினாள். நான்கு நாள் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தார்.

அந்த நாட்களில் முறைவைத்துத் துணைக்கு இருந்த அத்தைமார்களுக்கும், டயாலிசிஸ் பிரிவில் அம்மாவின் கேலிகளைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எல்லாக் காரியங்களையும் முன்நின்று நடத்திய சித்தப்பாவுக்கும், நடக்க முடியாத நிலையிலும் கீரமங்கலத்திலிருந்து வந்து இறுதிவரை உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கும், எனக்குத் தப்பிக்க வழி விடாத அந்தத் தேர்வாளர் அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மலரின் முறைப்படி இந்தக் கட்டுரை முழுவதும் அவரை அம்மா என்றே எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகப் பதிவேட்டின் நகலை அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். முதல் இரண்டு வரிகள், நான் துண்டுச்சீட்டு கொடுத்த நண்பர்கள். மூன்றாம் வரியைப் பாருங்கள். பெயர் அவர் கையால் எழுதியது. எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருக்கிறது.