காலியாக ஓடினால் ஒழுகாத மெஷின்

குடிநீர் இலாகாவில் அவரை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியாட்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் பொறியாளர் மரியாதைக்கு "சொட்டு சார்" என்பார். சாலைக்கு அடியில் போகும் குழாய் எங்கே கசிகிறது என்று காது வைத்துச் சொல்வது அவர் வேலை. அதற்கென்று நீளமான இரும்புத் தடி ஒன்று உண்டு. தலையில் மரக் குமிழ் இருக்கும். தடியைத் தரையில் ஊன்றி, குமிழில் காதை ஒட்டினால் கீழே நடப்பது கேட்கும். வண்டிகள் கிளம்புவதற்கு முன் விடிகாலையில் தெருத்தெருவாக ஊன்றிக்கொண்டு போவார். சந்தேகம் தீர்ந்ததும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு, "இங்க வெட்டுங்க" என்பார். வெட்டினால் தண்ணீர் இருக்கும். வெட்டியும் தண்ணீர் இல்லாத இடங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றி இலாகாவில் யாரும் பேசுவதில்லை. அவரும் பேசமாட்டார்.

கல்யாணமும் ஒரு கசிவில்தான் ஆனது. ஒரு தையல்கடை வாசலில் சத்தம் கேட்கிற மாதிரியும் கேட்காத மாதிரியும் இருந்ததால் தொடர்ந்து பல நாள் காலையில் அங்கேயே காதை வைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரரின் மகள் வெளியே வந்து, "உள்ள வந்து கேளுங்க. வாசல்ல நின்னா அப்பா வேற மாதிரி நினைக்கிறாரு" என்றாள். குழாயைச் சரி செய்தார்கள். இவர் வருவது நிற்கவில்லை. அப்பா நினைத்ததும் கடைசியில் சரியாகிப் போனது.

இப்போது அந்தக் கடை அவளுடையது. தைப்பதற்கு யாரையும் வைத்துக்கொள்ளலாம், வெட்டுவதற்கு முடியாது என்பது அவள் கட்சி. கனமான கத்தரிக்கோலை வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு மரத்துப்போய், அறுவை சிகிச்சை வரை வந்துவிட்டது. முடிந்ததும் டாக்டர் அவளை உட்காரவைத்து நீளமாக அறிவுரை சொன்னார். சொட்டு அந்த நேரம் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயின் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தண்ணில கை வைக்கக் கூடாதாம்."

"அவ்வளவுதானா?"

"இன்னும் என்னென்னவோ சொன்னாரு. முக்கியமானது அதுதான்."

அன்றிலிருந்து பாத்திரங்களை இவர் தேய்த்தார். இவர் தேய்த்து அடுக்கியதை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி தேய்த்தாள். கை சரியாகவில்லை. கூலிக்கு வைத்த ஆள் வெட்டிய சட்டைகளில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தன. அவன் அதை ஸ்டைல் என்றான். வாடிக்கைக்காரர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

அவளுடைய தம்பி, வீட்டுச் சாமான் கடையில் விற்பனையாளன், வாய் ஓயாதவன். அவன்தான் டிஷ்வாஷரைக் கொண்டுவந்து இறக்கினான். "மாமா, இனிமே அக்கா கையில ஒரு துளி தண்ணி படாது. ஒண்ணே ஒண்ணு, ஓடிட்டிருக்கும்போது கதவத் திறக்காதீங்க. வாரண்டி போயிடும்."

இதை யாரும் சொட்டுவுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தண்ணீர் ஓடும் லைனை எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் திறப்பதில்லை என்பது இலாகாவின் முதல் விதி.

மெஷின் வந்த வாரமே ஒழுக ஆரம்பித்தது.

இவர்கள் இருந்தது மாடியில். கீழே வீட்டுச் சொந்தக்காரம்மா. தனி ஆள், சண்டை பிடிக்கத் தெரியாதவர். தெரியாததால் வேறு வழி வைத்திருந்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, படியேறி வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"தம்பி, இது உங்களோடது."

சொட்டு வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மறுநாளும் கிண்ணம் வந்தது. அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் பெரிய கிண்ணம்.

ஊர்க் குழாயெல்லாம் பார்க்கிறவர் வீட்டில் ஒழுகுகிறது என்பது தெருவில் பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. மைத்துனன் வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, "என்ன மாமா, ரோட்டுக்கெல்லாம் காது வைக்கிறீங்க, சமையலறைக்கு வைக்க மாட்டேங்கிறீங்களே" என்றான்.

"உன் கடையில நல்லதா ஒண்ணு இல்லையாடா?"

"நல்லதுதான் மாமா குடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்து கெட்டுப்போச்சு."

சொட்டு வேலையில் இறங்கினார். கதவைச் சுற்றியிருந்த ரப்பரைக் கழற்றி, வெந்நீரில் போட்டுத் துடைத்து மாட்டினார். ஒழுகியது. ரப்பரையே புதிதாக மாற்றினார். ஒழுகியது. பின்னால் போகும் ஹோஸின் கிளாம்ப்பை இறுக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, முன்கால்களைத் திருகித் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். மெஷின் அச்சு மாதிரி நேராக நின்றது. நேராக நின்றுகொண்டு ஒழுகியது.

சொந்தக்காரம்மா இந்தத் தடவை கிண்ணம் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்தார், அதுதான் பயமாக இருந்தது. "நேத்து விழுந்த தண்ணியிலயே கீழ தரையத் துடைச்சேன் தம்பி. பளிச்சுனு இருக்கு, இல்லைங்கல. ஆனா கூரை காரை பெயர ஆரம்பிச்சிடுச்சு. இனி ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தப் பொட்டி வெளிய போகணும். நீங்க போக வேணாம். நீங்க நல்லவங்க. பொட்டி போகட்டும்."

அதே வாரம் டாக்டரிடமும் போனார்கள். இந்தத் தடவை சொட்டுவும் உள்ளே போனார். டாக்டர் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க" என்றார். அவள் பிடித்தாள். டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வீட்ல பாத்திரம் கழுவறீங்களா?"

"இல்லைங்க டாக்டர். மெஷின்தான் கழுவுது."

"அப்படின்னா இந்நேரம் பிடி வந்திருக்கணுமே. அடுத்த தடவையும் இப்படியே இருந்துச்சுன்னா மறுபடி திறந்து பாக்க வேண்டியதுதான். அதுக்கப்புறம் கத்தரிக்கோலைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கடையைத் தாண்டினார்கள். கூலியாள் யாருக்கோ ஸ்டைல் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சொட்டு மனதுக்குள் கணக்குப் போட்டார். பொட்டி வெளியே போனால் பாத்திரங்கள் தொட்டிக்கு வரும். பாத்திரங்கள் தொட்டிக்கு வந்தால் இவள் கை அதற்குள் போகும். தான் தேய்த்து வைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

லீவு போட்டார். எந்த மூலையில் நனைகிறது என்று தெரிய மெஷினுக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்தார். உள்ளே எதுவும் வைக்காமல் ஓட்டினார். தாள் காய்ந்தபடியே இருந்தது. மறுபடி ஓட்டினார். ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. சாப்பாடு முடிந்து அவள் தட்டுகளை அடுக்கி, கதவைச் சாத்தி, பட்டனைத் தட்டினாள். முன் பக்கத் தாள் முழுக்க ஊறிப்போனது.

மைத்துனனுக்கு ஃபோன் போட்டார். "காலியா ஓடினா ஒழுகலைடா. தட்டு வெச்சா ஒழுகுது."

"வெயிட் தாங்கலை மாமா."

"அது தட்டு கழுவற மெஷின்டா."

"ஆமா. அதான் யோசிக்கிறேன்."

அவன் யோசித்து முடிக்கும் வரை காத்திருக்க முடியாது. மறுநாள் சொட்டு, தன் தடியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். இத்தனை வருஷத்தில் அது வீட்டுக்குள் வருவது முதல் தடவை. காலி மெஷினை ஓடவிட்டு, அதன் பக்கவாட்டில் தடியை முட்டுக்கொடுத்துக் காதை வைத்தார். பம்ப் தெளிவாகப் பேசியது. தண்ணீர் சுவரில் அடிப்பதும், விழுவதும், மறுபடி உறிஞ்சப்படுவதும் தனித்தனியாகக் கேட்டன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பிட்டு, அவர் கையலம்பி வருவதற்குள் அவள் தட்டுகளை வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். ஓடவிட்டார்கள். சொட்டு குனிந்தார்.

இப்போது பம்ப் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவனைப் போல இருந்தது. அடிக்கிற சத்தம் இல்லை. விழுகிற சத்தம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே யாரோ மெத்தை போட்டுவிட்ட மாதிரி ஓர் அமுக்கம். குழாயில் காற்று புகுந்தால் இப்படிக் கேட்கும். இது காற்று மட்டும் இல்லை.

"என்னங்க சொல்லுது?" என்றாள்.

"பேச முடியலைங்குது."

சொட்டு நிமிர்ந்தார். எழுத்து மூலம் உத்தரவு கொடுக்க அங்கே யாரும் இல்லை. கதவின் பிடியைப் பற்றி, வாரண்டியை மனதுக்குள் ஒரு தடவை நினைத்துக்கொண்டு இழுத்தார்.

நுரை வந்தது. மேல் அடுக்கு வரை வெள்ளையாக நிரம்பி, கதவு சாய்ந்த அளவுக்கு அதுவும் சாய்ந்து, அவசரமில்லாமல் வெளியே இறங்கி அவர் பாதத்தை மூடியது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"மெஷின் பவுடரா போட்ட?"

"தம்பி குடுத்ததுதான். வேற என்னத்தப் போடுவேன்?"

பவுடர் அறையைப் பார்த்தார். அதே பவுடர்தான். அது நுரைக்காது என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. நுரைக்குள் கையை விட்டு ஒரு தட்டை எடுத்தார். மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காலையில் அதில் முட்டை சாப்பிட்டு, மஞ்சள் கரு காய்ந்து ஒட்டிப்போனது அவருக்கு நினைவிருந்தது. இப்போது அதில் முகம் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனார். தொட்டிப் பக்கம் இருக்கும் எலுமிச்சை சோப்பு.

"இதெல்லாம் முன்னாடியே தேய்ச்சதா?"

"தேய்க்காம?"

"தேய்ச்சியா?"

"சோப்பு மட்டும்தாங்க போட்டேன். நாரால நல்லா அழுத்தித் தேய்ச்சு, அப்படியே சோப்போட உள்ள வெச்சிடுவேன். அலசறது மெஷின் வேலை. அலசறதுலதான தண்ணி படும்? டாக்டர் தண்ணி படக்கூடாதுன்னாரு. நான் ஒரு சொட்டு தண்ணி தொடலை."

சொட்டு தட்டைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். ஈரமில்லாத நார், அழுத்தித் தேய்க்கும் விரல்கள், கத்தரிக்கோலைப் பிடிக்கும் அதே பிடி, வேளைக்கு வேளை. கூரை ஒழுகியதும் கை ஆறாததும் ஒரே கசிவு.

"ஏன் சொல்லலை?"

"நீங்க ரப்பரப் பாத்தீங்க, பைப்பைப் பாத்தீங்க. என்னையா கேட்டீங்க?"

அவர் நுரையை வழித்து வாளியில் போட ஆரம்பித்தார்.

"எச்சித் தட்ட அப்படியே வெச்சாத்தாம்மா அது கழுவும். அதுக்குத்தான அது."

"எப்படிங்க வைக்கிறது? காசு குடுத்து வாங்கின புது சாமான். அதுக்குள்ள கொண்டுபோய் நம்ம எச்சியக் கொட்டணுமா? அது என்ன நினைக்கும்?"

"அது ஒண்ணும் நினைக்காது."

"நாலு பேர் வந்து திறந்து பாத்தா?"

"நம்ம வீட்டு மெஷின எவன் வந்து திறந்து பாக்கப் போறான்? நானே இன்னைக்குத்தான் திறந்தேன்."

இவரே எல்லாத் தட்டையும் வைத்துவிடலாம். ஆனால் பாதி நாள் இவர் வீட்டில் இருப்பதில்லை. இவள் கையால் ஒரு தட்டாவது அழுக்கோடு உள்ளே போனால்தான் நாளைக்கும் போகும் என்று அவருக்குப் பட்டது. நுரை முழுக்க வடியும் வரை மெஷினைக் காலியாகத் திரும்பத் திரும்ப ஓட்டினார். பிறகு ஒரு முட்டையைப் பொரித்து, இரண்டு பேரும் பாதிப் பாதி சாப்பிட்டு, தட்டு காயும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் அந்தத் தட்டு இருந்தது.

"வை" என்றார்.

அவள் தட்டை எடுத்தாள். கால் தொட்டிப் பக்கம் போயிற்று. சொட்டு இருமினார். அவள் திரும்பி வந்து, முதலில் மெஷினின் வெளிப்பக்கத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தட்டை உள்ளே செருகினாள். கதவு சாத்தியதும் பெரிய திருட்டு ஒன்றைச் செய்துமுடித்தவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மெஷின் ஓடியது. செய்தித்தாள் காய்ந்திருந்தது. கீழேயிருந்து குரல் வந்தது: "தம்பி! இன்னைக்கு மெஷின் போடலையா?"

"ஓடிட்டிருக்கும்மா."

"ஒண்ணும் வரலையே!"

"வராதும்மா."

குரல் கொஞ்சம் தயங்கியது. "தரை துடைக்கலாம்னு நினைச்சேன்."

மெஷின் நின்றதும் அவள் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. "பாத்தீங்களா?" என்று அவரிடம் நீட்டினாள். குரலில் இருந்த ஜெயம், அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகு அவர் கேட்காதது.

சொட்டு நகத்தால் சுரண்டினார். புள்ளி போயிற்று. "எது?" என்றார்.

மறுநாள் விடிகாலை வேலைக்குக் கிளம்பும்போது, நாரையும் எலுமிச்சை சோப்பையும் பையில் போட்டுக்கொண்டார். தினமும் போட்டுக்கொண்டார். இலாகாவில் யாரோ விசாரித்ததற்கு, தடியைத் துடைக்க என்றார். அங்கே அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். மைத்துனன் மட்டும், "நான்தான் அப்பவே சொன்னேனே, மெஷின் நல்ல மெஷின்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த தடவை டாக்டர் இரண்டு விரலை நீட்டினார். அவள் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர், "போதும், போதும், விடுங்க" என்று விரல்களை உருவிக்கொண்டு உதறினார். "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை டாக்டர்."

"அதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்" என்று எழுத ஆரம்பித்தார். மெல்லிய துணியாகப் பார்த்து வெட்ட ஆரம்பிக்கலாம், கனமானது பிறகு.

பஸ்ஸில் அவள் வலது கையை மடியில் வைத்து மூடி மூடித் திறந்துகொண்டே வந்தாள். கடை நிறுத்தம் வந்ததும் எழுந்தாள். கூலியாளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம். இறங்குவதற்கு முன் நின்றாள்.

"ஏங்க, பாத்திரம் தேய்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்க மறந்துட்டோமே."

"நான் மறக்கலை" என்றார் சொட்டு.