சகாயம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

என் மாவு மில் சுவரில் யார் எதை ஒட்டினாலும் கிழித்துப்போடுவேன். அரசியல்வாதி பிறந்தநாளா, காதுகுத்தா என்றெல்லாம் பார்ப்பதில்லை. புலியகுளத்தில் செல்லாத்தா மில்லுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. போன ஆடியில் ஒரு காலை ஷட்டரைத் தூக்கும்போது அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்தது. கை நீட்டிய பிறகுதான் படத்தைப் பார்த்தேன். வழுக்கைத் தலை, நீண்ட மூக்கு, தொளதொளவென்று ஒரு கறுப்புக் கோட்டு. கஸ்தோன் லெமியே, வயது 91, பிரான்ஸ் நாட்டில் காலமானார். அடியில் 'துயரில் வாடும் சகாயம், ஜெசிந்தா' என்று அச்சடித்திருந்தது.

ஜெசிந்தா செத்து நாலு வருடம் ஆகிவிட்டது. நீட்டிய கையை இறக்கிக்கொண்டேன்.

சகாயம் எதிர்வீட்டுக்காரர். ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தொண்ணூறுகளில் அவர் மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஒரு பிரெஞ்சுக்கார இன்ஜினியர், ஊர் திரும்பும்போது நாலு வீடியோ கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலும் கஸ்தோன் நடித்த சிரிப்புப் படங்கள். ஒரு சொல் புரியாது. அந்த நாட்டுக் கேசட் நம் ஊர் டெக்கில் கலராகவும் வராது, கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். பல வருடம் கழித்துப் போனில் பார்த்தபோதுதான் அந்தக் கோட்டு பச்சை என்று தெரிந்தது. அவர் சம்சாரம் ஜெசிந்தா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

பிள்ளை இல்லாத வீடு. ஞாயிறு பூசை முடிந்து வந்து, அடுப்பில் கறி வேகும் நேரத்தில் இருவரும் படத்தைப் போட்டுவிடுவார்கள். அவர்கள் சிரிக்கும் சத்தம் என் மில் மோட்டாரையும் மீறிக் கேட்கும். "செல்லாத்தாக்கா, வாங்க, நம்மாளு இன்னைக்கு ஓட்டல்ல வேலைக்குச் சேர்றாரு" என்று ஜெசிந்தா வாசலில் நின்று கூப்பிடுவாள். நானும் தலையெல்லாம் மாவோடு போய் உட்காருவேன்.

அந்த ஆள் ஒரு படத்திலாவது ஜெயித்து நான் பார்த்ததில்லை. மேஜையில் இடித்துக்கொண்டால் மேஜையிடம் மன்னிப்புக் கேட்பார். ஏணி சரிகிறது, நாற்காலி முறிகிறது, இனி விழுவதைத் தவிர வழியில்லை என்று தெரிந்ததும் முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றுவார். சுற்றிலும் பார்த்து, பத்திரமான இடம் தேடி அதை வைப்பார். குழந்தையைத் தூங்க வைப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் விழுவார். ஜெசிந்தா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சகாயம் மட்டும் அந்த இடத்தில் சிரிக்கமாட்டார். "எத்தனை மருவாதியா உழுகறாரு பாத்தீங்களா" என்பார்.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது அவர்கள் வீட்டு முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. என் கதவும்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாவுக்கு மூச்சு வாங்கியது. ஏறுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தாள், சுற்றிலும் பார்த்தாள், காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். சகாயம் முகக்கவசத்துக்குள் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அப்புறம் என் ஜன்னல் பக்கம் திரும்பி, "போயிட்டு வாரேனுங்க அக்கா" என்றாள்.

நான் திரையை இழுத்து விட்டேன். பயம். வேறு என்ன காரணம் சொன்னாலும் அது பொய்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்கு உடம்பு வரவில்லை. கடைகள் மூடியிருந்ததால் ஒரு போஸ்டர்கூட அடிக்க முடியவில்லை. துக்கம் கேட்க ஒரு ஆள் போகவில்லை. எல்லாம் திறந்த பிறகாவது போயிருக்கலாம். இத்தனை நாள் கழித்துப் போய் என்னத்தைக் கேட்பது என்று ஆளாளுக்கு இருந்துவிட்டோம். சகாயம் பால் வாங்கினார், பூசைக்குப் போனார், பார்த்தால் தலையாட்டினார். அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அதற்கப்புறம் படமும் ஓடவில்லை.

போஸ்டரை அடித்துக் கொடுத்தவர் தெரு முக்கில் அச்சுக் கடை வைத்திருக்கும் ரசாக். கலர் படமே கிடைக்கிறது என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். "வேண்டாமுங்க, எங்கூட்டுல அவரு கறுப்பு வெள்ளைதானுங்க" என்றாராம் சகாயம். அதனால் வந்த வினை, பார்த்த ஜனத்துக்கெல்லாம் அந்தக் கோட்டு பாதிரியாரின் அங்கியாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் பிரான்ஸிலிருந்து சாமியார்கள் வந்து கோயில் கட்டிய ஊர் இது. மத்தியானத்துக்குள் கதை தயாராகிவிட்டது. சகாயத்தைப் படிக்க வைத்த சாமியாராம், இவர்கள் கல்யாணத்தையே அவர்தான் நடத்தி வைத்தாராம்.

எனக்கு மட்டும் உண்மை தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் யாரும் அந்தப் படியேறியிருக்கமாட்டார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. சகாயம் திகைத்துப்போய் நின்றார். துக்க வீட்டில் வாங்க என்று சொல்லும் வழக்கமில்லை, அவரும் சொல்லவில்லை. ஆண்கள் அவர் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ரசாக் பிளாஸ்டிக் சேர் தூக்கி வந்தார்.

"சாமி உங்க மேல ரொம்பப் பிரியமா இருந்தாருங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க ரெண்டு பேரையும் இருவத்தஞ்சு வருசம் சிரிக்க வெச்சாருங்க" என்றார் சகாயம். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

மாதா கோயில் பங்கில் ஜெபம் நடத்தும் டீனா டீச்சர் ஜெபமாலையை எடுத்தார். செத்தவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டுமாம். கையிலிருந்த போஸ்டரைப் பார்த்து 'கஸ்' என்று ஆரம்பித்தவருக்கு மேற்கொண்டு வாயில் வரவில்லை.

"ஏனுங்கண்ணா, பேரு எப்படிச் சொல்றதுங்க?"

சகாயம் போஸ்டரை வாங்கி அடியிலிருந்த பெயர்களைப் பார்த்தார்.

"ஜெசிந்தான்னு சொல்லிருங்க."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீனா டீச்சர், ஜெசிந்தாவின் ஆன்மாவுக்காக என்று தொடங்கினார். வீடு முழுக்கப் பதில் சொன்னது. எனக்கு அந்த ஜெபமெல்லாம் தெரியாது. பெயர் வரும் இடத்தில் மட்டும் சேர்ந்து சொன்னேன். நாலு வருடம் முன்பு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சொல்லாமல் விட்டது அது.

மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ பெயர் வந்தபோது சகாயம் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். சுற்றிலும் பார்த்தார். மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய டெக்கின் மேல் அதை வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார்.

அப்புறம்தான் தரையில் சரிந்து அழுதார். நாங்கள் எல்லோரும் இருந்தோம்.