ஆறு மீட்புக் குழுவுக்காக நான் எழுதிய மனு

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவர், வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டுச் சும்மா வரவில்லை. அங்கே தெருக்காரர்கள் சேர்ந்து ஓர் ஓடையைச் சுத்தம் செய்து, காணாமல் போன ட்ரௌட் மீனைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்களாம். செல்போனில் படம் காட்டினார். "நம்ம அடையாறு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார். மறுநாளே வாட்ஸ்அப்பில் ஆறு மீட்புக் குழு உதயமாகிவிட்டது.

ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு ஆற்றில் இறங்கினோம். பச்சை டி-ஷர்ட், கையுறை, முகமூடி. அரை மணி நேரம் குப்பை பொறுக்குவோம், அரை மணி நேரம் படம் எடுப்போம், பிறகு பொங்கல் வடை. குப்பையை மூட்டை கட்டிக் கரையோரம் வைத்துவிட்டு வருவோம். மாநகராட்சி வண்டி வருவதற்குள் கடல் தண்ணீர் ஏறி மூட்டைகளை மறுபடி ஆற்றுக்கே கொண்டுபோய்விடும்.

இதைச் சொன்னவர் கரையோரக் குடிசையில் இருந்த ஓர் அம்மா. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து விற்பவர்.

"இன்னா சார், தண்ணி ஏறசொல்ல வந்து பொறுக்கினுகீறீங்க? வத்தசொல்ல வாங்க."

தண்ணீர் வற்றும் நேரம் தினம் மாறும். டிபன் நேரம் மாறாது. ஆகவே எட்டு மணியே நிலைத்தது. அவர் மட்டும் வற்றும் நேரம் பார்த்துத் தனியாக இறங்கி, எங்கள் மூட்டைகளை மேட்டில் இழுத்துப் போட்டார். தலைவர் அவரிடமும் ட்ரௌட் படத்தைக் காட்டினார். "இங்க மடவை கீது, கெளுத்தி கீது, எறா கீது. கீறத மொதல்ல காப்பாத்து சார்" என்றார் அந்த அம்மா. தலைவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆற்றில் விழும் கழிவுநீர்க் குழாயை மூடச் சொல்லி மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் ஓய்வு பெற்ற குமாஸ்தா. மனு என்றால் கை தானாக ஓடும். ஒரே கோரிக்கையோடு விட்டால் மொட்டையாக இருக்கிறதே என்று, ஆற்றைப் பற்றிய மனுக்களில் வழக்கமாக வரும் ஒரு வரியையும் சேர்த்தேன்: 'கரையோர ஆக்கிரமிப்புகளை உடனடியாக அகற்றியும்'. சத்தியமாக யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

கரையில் இருப்பவர் கையெழுத்து முதலில் இருந்தால்தான் மனு எடுபடும் என்றார் தலைவர். அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். எழுத்துக் கூட்டிப் பெயர் மட்டும் போடத் தெரிந்தவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊட்டுக்கு ஒண்ணும் ஆவாதே சார்?"

"சேச்சே, இது ஆத்துக்காகம்மா" என்றேன். குழாய் பற்றிய பத்தியை உருக்கமாக வாசித்துக் காட்டினேன். மீதியை வாசிக்கவில்லை, அங்கே பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. அவர் முதல் கையெழுத்தைப் போட்டார்.

அரசாங்கம் தூங்குகிறது என்பவர்கள் வாயைக் கழுவ வேண்டும். சீக்கிரமே நடவடிக்கை வந்தது, குழாய்மேல் அல்ல. அதிகாரிகள் வந்து, இடிப்பதற்காகக் குடிசைக் கதவுகளில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். ஊருக்கு வெளியே, ஆறே இல்லாத இடத்தில் மாற்று வீடாம். நியாயம் கேட்கப் போன அம்மாவிடம் அதிகாரி மனுவை நீட்டி, "நீங்களேதானேம்மா கேட்டிருக்கீங்க" என்றாராம். குழாய் இன்றும் ஓடுகிறது. அது எங்கள் தெருவிலிருந்து வருவதாகப் பேச்சு; குழு விசாரித்துக்கொண்டிருக்கிறது.

அவர் என் வீட்டுக்கு வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். வாங்கியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாவது கிடைத்திருக்கும்.

"இடிக்கச் சொல்லி எழுதினியே, இடிக்காதனு ஒண்ணு எழுதிக் குடு சார்."

எழுதினேன். கை ஓடவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்துக் கேட்டதற்கு வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்தன, ஒருவரும் வரவில்லை. என் கையெழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு கரைக்குப் போய் அவரிடம் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"இந்த வாட்டி முழுசா படி சார்."

அனுப்புநரிலிருந்து தேதி வரைக்கும் படித்தேன்.