கண்ணாடிப் படகின் வருகை அறிவிப்பு

பிலோமினா டீச்சர் ஏற வேண்டிய படகு வடக்கே மாயாபந்தரிலிருந்து புறப்படவில்லை என்ற தகவல் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்தது. ஐந்தரைக்கு அவர் சிறுவர் தொடர்கதை வாசிக்க வேண்டும். நேரடி ஒலிபரப்பு. கைவசம் பதிவு நாடா எதுவும் இல்லை. எங்கள் தீவு வானொலி நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவன் நான்தான்.

என் வேலை கப்பல் அறிவிப்பு. மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரையிலிருந்து எந்தக் கப்பல் எந்த நாளில் வருகிறது, சாத்தம் ஜெட்டி என்ற படகுத்துறையிலிருந்து எது எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று தினமும் இரண்டு வேளை வாசிப்பேன். அறுபதுகளின் கடைசி அது. அரிசி, கடிதம், உறவு எல்லாமே கப்பலில்தான் வரும். குரலில் ஏற்ற இறக்கம் கூடாது என்று என்னைப் பழக்கியிருந்தார்கள்.

தாள்கள் பதினொன்று. பாத்திரங்கள் ஆறு. டீச்சர் நண்டு மந்திரிக்கு மூக்கால் பேசுவார், கடலரசிக்குக் கிசுகிசுப்பார். நானும் மூக்கால் பேசிப் பார்த்தேன். மூன்று முறை இருமல் வந்தது. இரண்டாம் தாளிலேயே பயந்து, எனக்குத் தெரிந்த ஒரே குரலுக்குத் திரும்பிவிட்டேன். "கண்ணாடிப் படகு, பிரிந்தவர்களை ஏற்றிக்கொண்டு, நாளை அதிகாலை துறைமுகம் வந்தடையும்" என்று முடித்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மறுநாள் காலை கப்பல் விவரம் வாங்க ஜெட்டிக்குப் போனேன். விளிம்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்றாள். அவள் காலுக்கும் விளிம்புக்கும் ஒரு சாண்கூட இல்லை. கீழே அலை மோதிக்கொண்டிருந்தது. தள்ளி வரச் சொன்னேன். குரலைக் கேட்டதும் திரும்பினாள்.

"நீங்க கப்பல் நியூஸ் மாமாதானே? கண்ணாடிப் படகு லேட்டா?"

பெயர் ஸ்டெல்லா என்றாள். எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் வீடு. அப்பா மீன்பிடிக்கப் போயிருந்தார். அம்மா ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போய் அறுபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் முதல் படகில் ஏறி வந்திருக்கிறாள்.

"அது கதைம்மா" என்றேன்.

விளிம்பை விட்டு என் பக்கம் வந்தாள். "அப்ப அம்மா கப்பல் வியாழக்கிழமை வரும்னு சொன்னீங்களே, அதுவும் கதையா?"

"அது நிஜம். கண்டிப்பா வரும்."

கப்பல் அறிவிப்பில் 'கண்டிப்பாக' என்ற சொல்லை ஏழு வருடத்தில் நான் ஒருமுறைகூட வாசித்ததில்லை. அவளைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். போகும்போதும் வரும்போதும் மேகம் கூடுகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தந்தி வந்தது. புயல் சின்னம், கப்பல் இரண்டு நாள் தாமதம். கப்பல் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று இந்திக்காரரான நிலைய அதிகாரியிடம் கேட்டேன்.

"அரே, தந்தியில இருக்கறத மட்டும் படிங்க" என்றார். பிறகு ஒரு கட்டுக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "வாரம் நாலு லெட்டர் வரும். இந்த வாரம் முப்பத்தொண்ணு. படகு நிஜமாவே வர்ற மாதிரி இருந்துச்சாம். கதை இன்னும் மூணு வாரம் பாக்கி, அதையும் நீங்களே படிங்க."

மாட்டேன் என்றேன். டீச்சர் வரும்வரை கதையை நிறுத்தி வைக்கும்படி கெஞ்சினேன். பச்சாஸ், ஐம்பது தடவை கெஞ்சினாலும் நடக்காது என்று முதலில் சிரித்தவர், ஜெட்டியில் நடந்ததைச் சொன்னதும் டீச்சர் வரும்வரை கதை வேண்டாம் என்றார். கடிதக் கட்டை எடுத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

தாமத அறிவிப்பை அன்று மாலை வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை என்று நினைத்தேன். எது நிஜம் என்று ஸ்டெல்லாவுக்கு அதை வைத்தாவது தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை கப்பல் வந்தது. இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டே நின்றேன். ஸ்டெல்லா ஓடிப்போய்ப் பிடித்தது நூற்றுப் பதினெட்டாவதாக இறங்கிய பெண்ணின் சேலையை. மெலிந்திருந்தாலும் தானாகவே நடந்து வந்தார். ரேடியோவில் கப்பல் சொல்பவர் நான்தான் என்று ஸ்டெல்லாவின் அப்பா என்னைக் காட்டினார். அந்த அம்மா கும்பிட்டார்.

"இந்த மாமா சொன்னா உடனே நம்பாதம்மா" என்றாள் ஸ்டெல்லா. "ஜெட்டிக்கு வந்து பாத்துட்டு நம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மைக் முன் உட்கார வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கதைக்குள் குழந்தையைக் கூட்டிப்போவது உங்கள் குரல்தான். வெளியே வரும் வழியையும் அந்தக் குரலிலேயே வைத்துவிடுங்கள். அந்த முப்பத்தொரு கடிதங்களையும் பாராட்டாக எண்ணிக்கொள்ள இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.