கரிக்கு ஊற்றிய லாரித் தண்ணீர்

வியாசர்பாடி மலர்க்கொடிக்கு இரக்க குணம் கொஞ்சம் தூக்கல். அவர் கெடுத்த காரியங்களில் முக்கால்வாசி அந்தக் குணத்தால் கெட்டவைதான்.

மாத்தூரில் உயிர் உரம் தயாரிக்கும் கொட்டகையில் அவருக்குக் கலவை வேலை. பாட்டிலில் வரும் நுண்ணுயிர்க் கரைசலை, காய்ச்சி ஆறவைத்த போர் தண்ணீரில் கலந்து, கரித்தூளில் ஊற்றிப் பிசைய வேண்டும். "கரியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய இருக்கு. அதுலதான் இதுங்க குடியிருக்கும். எல்லாம் உயிருள்ளதுங்க, பாத்துப் பண்ணுங்க" என்று முதலாளி ஜெயஸ்ரீ முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் வம்பே இல்லை.

அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. உயிருள்ளதற்கு அதைக் கொடுக்க மலர்க்கொடிக்கு மனசு வரவில்லை. வேலையாட்கள் குடிக்க, அவர்கள் வருமுன்பே விடிகாலையில் வந்து இறங்கும் லாரித் தண்ணீரைக் கலவைக்குத் திருப்பினார். மற்றவர்களிடம், "லாரி வரல, இத்தயே குடிங்க" என்று போர் தண்ணீரைக் காட்டினார்.

பிசைந்த கரித்தூளை அடைத்த பாக்கெட்டுகளைச் சோதித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுகூட உயிரோடு இல்லை. கொட்டகையிலேயே கரி சுடும் மாசானம் அரைவேக்காடாகச் சுடுகிறான், கரியில் தங்கும் தார்தான் கொல்கிறது என்று ஜெயஸ்ரீ முடிவு கட்டினார். சனிக்கிழமையோடு அவனுக்குக் கணக்கு முடிப்பதாகவும் சொல்லிவிட்டார். அவன் மனைவிக்கு அது நிறைமாதம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் இறக்க வந்த லாரி டிரைவர் பெருமையாகச் சொன்னார்: "இன்னாமா, மூக்கப் புடிக்கிற? குளோரின் தூக்கலா கீது. ஒரு கிருமி பொழைக்காது."

மலர்க்கொடி உண்மையைச் சொன்னால், லாரி வரவில்லை என்ற பொய்யும் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் மாசானத்தின் பிழைப்பு போகும். மதியம் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே ஜெயஸ்ரீ முன்னால் போய் நின்றார்.

"அவன் கரி நல்ல கரி மேடம். லாரித் தண்ணிய ஊத்தி நான்தான் சாவடிச்சிட்டேன். உசுருன்னு சொன்னீங்களே, நல்ல தண்ணியா குடுக்கலாம்னு..."

ஜெயஸ்ரீ தலையில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு, மாசானம் போக வேண்டியதில்லை என்றார். மலர்க்கொடியையும் அனுப்பவில்லை.

மாசானம் நன்றி சொல்வான் என்று மலர்க்கொடி எதிர்பார்த்தார். அவன் பக்கத்தில் வந்தான்.

"அப்போ லாரி டெய்லி வந்துகினுதான் இருந்துச்சா?"

மலர்க்கொடி தலையாட்டினார்.

"ஏங்க்கா, எங்களுக்கெல்லாம் உசுரு இல்லியா?"