அரை கிளட்சில் போன மாப்பிள்ளை அழைப்பு

எந்தக் கார் என்று முடிவான அன்று நாரணாபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, தாய்மாமா, நான். அம்மா பட்டாசுக் கம்பெனியில் இருந்தாள். சீசன், லீவு கேட்க முடியாது. எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண் சிவகாசியில் அவள் வீட்டில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் என்னிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் இருவருக்கும் வேலை விருதுநகரில். அங்கேயே ஒரு வாடகை வீடு வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதன் நடுவே பீரோவை நிறுத்தினால் இரண்டு. விருதுநகரில் ஒரு மாடி வீடு பார்த்து, அட்வான்ஸ் எண்பதாயிரம் என்று பேசி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதைச் சேர்த்தும் வைத்திருந்தேன். கல்யாணம் முடிந்த கையோடு கொடுப்பதாகப் பேச்சு.

அதற்குள் கார் பேச்சு வந்து சேர்ந்தது. அவள் சித்தப்பா மகளைக் கட்டியவர், தன் கல்யாணத்துக்கு மேற்கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மண்டபத்தில் வந்து இறங்கியிருந்தார். "நீங்களும் அதுமாதிரி ஏதாச்சும் பாருங்க" என்று பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில் சொல்ல, மாமா அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். மதுரையில் வாடகைக்கு விடுகிறவரிடம் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டும் சிவப்பு, இரண்டிலும் இரண்டே சீட்டு. ஒன்று ஆட்டோமேட்டிக், மற்றது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக்குக்கு ஆறாயிரம் கூடுதல்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "ஊர்வலம்னா நடக்கிற வேகத்துலதான் போவீங்க. ஆட்டோமேட்டிக்கே எடுத்துக்கங்க சார்" என்றார் அவர்.

போனை வைத்ததும் மாமா சிரித்தார். "ஆறாயிரத்துக்கு அடி போடுதான் பாத்தியா."

"இல்ல மாமா. மெதுவாப் போனா கிளட்ச பாதி மிதிச்சே வச்சிருக்கணும். கருகிப் போயிரும்."

"ஏலே, ஒங்கப்பா இருபது வருசமா லோடு வேன் ஓட்டுதாரு. நீயும் ஓட்டுத. கியர் இல்லாத வண்டில போய் எறங்குனா ஸ்கூட்டில வந்த மாதிரில்ல இருக்கும்? இம்புட்டுப் படிக்க வச்சது கியர் போடப் பயப்படவா?"

அப்பாவைப் பார்த்தேன். "மச்சான் சொல்றது சரிதான்டா. கியர் வண்டின்னா நம்ம கை சொன்னதக் கேக்கும்" என்றார். அந்த வேனில் கியர் மாற்றி மாற்றித்தான் அவர் என்னைப் படிக்க வைத்தார். அதற்குமேல் பேசினால் அந்தக் கையையே குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று பட்டது. மறுபடி போன் போட்டுக் கியர் வண்டியையே சொன்னேன்.

வாடகைப் பத்திரத்தில், கிளட்ச் போனால் எடுத்தவர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. வாசித்துக் காட்டினேன். "எழுதத்தான் செய்வான்" என்றார் மாமா. எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்து என்னுடையதுதான். போட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு சிவகாசியில். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் ஏற்றம். கார் சீட்டு தரையோடு தரையாக இருந்தது. உட்கார்ந்தால் எழும்ப ஒரு ஆள் கைகொடுக்க வேண்டும். கதவைத் திறக்க இடமில்லாமல் இருபுறமும் சனம். ரோஜா மாலையின் நுனி கியரைச் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் மாமா. கம்பெனி ஆட்கள் வீட்டுக் கல்யாணத்தில் வெடிக்கா பஞ்சம்? அப்பா ஊதுபத்தியோடு முன்னால் நின்று சரம் சரமாகக் கொளுத்தினார். ஒரு சரம் வெடித்து ஓயும்வரை நிற்க வேண்டும், ஓய்ந்ததும் கொஞ்சம் நகர வேண்டும், அடுத்த சரம்.

நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

"நிப்பாட்டாத மாப்ளே. வண்டி மெதந்து வரணுங்கான் வீடியோக்காரன்."

மறுபடி முதல் கியர். இடது கால் பாதி மிதியிலேயே நின்று நடுங்க ஆரம்பித்தது.

"மாமா, கருகுற வாடை வருது."

"சிவகாசில கருகுற வாடை வராம மல்லியப்பூ வாடையா வரும்? சிரிலே, எடுக்கான்."

சிரித்தேன். காருக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. கூட்டம் விசிலடித்தது. "மாப்ள வண்டில புகை மிசினெல்லாம் வச்சிருக்காக!" என்று யாரோ கத்தினார்கள். அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு அடுத்த சரத்துக்குக் குனிந்தார். வேறு எந்த ஊர் என்றாலும் அந்த வாடையை அவர் பத்து வீடு தள்ளியே கண்டுபிடித்திருப்பார்.

பிறகு எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பையன்கள் சேர்ந்து மண்டபம்வரை தள்ளினார்கள். உள்ளே மாலையோடு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பெட்ரோல் தீந்துபோச்சா மாப்ள?" என்று வாசலில் பெண்ணின் அப்பா கேட்டார். மாமாவை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து வெளியே எடுத்தார்கள். அப்பா வந்து சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்தார். அவர் முகம் மாறியது. "கிளட்ச்சுடா" என்றார், என் காதோடு.

"மெதுவாப் பேசுங்க அத்தான். சம்மந்தக்காரக நிக்காக" என்றார் மாமா.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பில் போனில் வந்தது. பீரோவுக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் படுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் அவள் பில்லை வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆட்டோமேட்டிக்தான் எடுக்கணும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"சொன்னீகளா?"

"சொன்னேன்."

"எம்புட்டுச் சத்தமா?"

அந்தப் பக்கம் அப்பா புரண்டு படுப்பது கேட்டது.

மாடி வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். தினமும் காலையில் அப்பா எங்களை லோடு வேனில் ஏற்றிப்போய்ச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் விடுகிறார். அவளும் நானும் அவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருப்போம். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் நான் முழங்காலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கிளட்ச் செட், கூலி, மதுரைக்கு இழுத்துப் போனது, வண்டி ஓடாமல் நின்ற நாட்களின் வாடகை எல்லாம் சேர்த்து எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.