ஆங்கிலம்: மூன்று வருடம்

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதினால் மெல்ல மெல்லத்தான் எழுதுவேன். அதற்காக ஒருவர் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை. உள்ளுக்குள் வெட்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். வெளியில் காட்டியதில்லை, அவ்வளவுதான். அந்த வெட்கம் ஒருநாள் என் வாயைத் திறந்து ஒரு பொய்யைச் சொல்ல வைத்தது. அதைச் சுமந்தவள் என் மகள்.

நானும் அவளும் ஜேர்மனிக்கு எண்பத்தைந்தில் வந்தோம். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவர், அவளுடைய அப்பா, ஒரு வருடம் முந்தி வந்து பீலெஃபெல்டில் அகதிகள் விடுதியில் இருந்தார். எங்களையும் அங்கேயே விட்டார்கள். ஒரு மாடிக்கு ஒரு குசினி. அதில் எட்டுக் குடும்பம் சமைத்தது.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாள் நல்ல குளிர். எங்களுக்கு மொழிபெயர்க்க ஒரு அண்ணை வந்தார். எங்களுக்கு முந்தியே இந்த நாட்டுக்கு வந்தவர். விடுதியில் எல்லாருடைய கடிதத்தையும் அவர்தான் வாசிப்பார், எல்லாருடைய படிவத்தையும் அவர்தான் நிரப்புவார். எங்களுக்குப் பின்னால் எங்கள் மாடியில் இருந்த இன்னொரு தாய், தன் மகளோடு நின்றாள். கொழும்பில் இருந்தவள், படித்தவள். அங்கே நின்ற அரை மணித்தியாலமும் அவள் வாய் ஓயவில்லை.

"எங்கட மூத்தவள் இங்கிலீசில வெட்டி விழுத்துவாள் அக்கா. உங்கட பிள்ளை கிராமத்துப் பள்ளிக்கூடம்தானே? பாவம், இனித்தான் தொடங்கவேணும்."

அந்தப் 'பாவம்' எனக்கு நெஞ்சில் தைத்தது. அந்த நேரம் பார்த்து அலுவலகத்துப் பெண் எதையோ கேட்க, அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை முந்தி இங்கிலீசு படிச்சதோ எண்டு கேக்கினம், தங்கச்சி."

"ஓம் அண்ணை. மூண்டு வருசம் படிச்சவள். நல்லாக் கதைப்பாள்."

பின்னால் நின்றவளுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைத் தட்டி விட்டேன். அலுவலகத்துப் பெண் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதினாள். மூன்று வருடம்.

முழுப் பொய்யும் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து நேரசூசியில் மூன்று வருடமாக ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருந்தது. படிப்பிக்கத்தான் ஆள் இல்லை. ஆங்கில நேரம் வந்தால் பிள்ளைகளை வெளியில் விட்டு வளவு கூட்டச் சொல்வார்கள். என் மகள் மூன்று வருடமும் வேப்பஞ்சருகு கூட்டினாள். பிறகு பிரச்சினை வந்தது. பள்ளிக்கூடமே இல்லாமல் போனது.

ஜேர்மன் அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி வந்தது. ஆறு மாதத்தில் விடுதிப் பெண்களை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆங்கிலத்தில்தான் அவளைக் கொண்டுபோய் ஏற்கெனவே படித்த பிள்ளைகளோடு இருத்தியிருந்தார்கள். மூன்று வருடம் படித்தவள் அல்லவா!

ஒருநாள் ஜேர்மன் பாடச் சோதனைத் தாள் கொண்டுவந்தாள். மேலே சிவப்பில் மூன்று என்று போட்டிருந்தது.

"மூண்டுதானோ? உன்ர கெட்டித்தனம் இவ்வளவுதானோ?" என்று ஏசினேன்.

அடுத்த கிழமை ஆங்கிலத் தாள். அதில் ஆறு. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. றவை வறுத்து, பட்டர் போட்டு, கேசரி கிண்டி, மாடி முழுக்கக் கொடுத்தேன். இவர் சட்டியைச் சுரண்டிக்கொண்டே, "ஆறு எடுத்தவளுக்கு ஆறு கரண்டி!" என்று மகளின் தட்டை நிரப்பினார். அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.

கொழும்புக்காரி இரண்டாம் தரமும் வாங்கித் தின்றுவிட்டுத்தான் சொன்னாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இஞ்ச ஒண்டுதான் திறம். நம்பர் கூடக் கூட மோசம். ஆறு எண்டால் அதுக்குக் கீழ ஒண்டுமில்லை."

நான் சிரித்தேன். "அது எனக்குத் தெரியும். பிள்ளை இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்குத்தான் கேசரி" என்றேன். பொய்க்கு மேல் பொய். கேசரிச் சட்டியைத் தேய்க்கும்போது மகளைக் கேட்டேன்.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சந்தோசமா இருந்தீங்கள் அம்மா."

அதற்குப் பிறகும் ஆறுதான். ஒரு வருடத்துக்கு மேல் ஆறுக்கு மேல் ஆறு. ஆங்கிலம் உள்ள நாட்களில் காலையில் அவளுக்கு வயிற்றுக்குத்து வரும். முதலில் நான் கள்ளம் என்று நினைத்தேன். பிறகு அவள் வாளிக்குள் குனிந்து, தின்றதெல்லாம் வெளியில் வரச் சத்தி எடுப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் அண்ணையிடம் போனேன்.

"பிள்ளையை அந்தப் பாடத்தில இருந்து விலக்க ஏலாதோ அண்ணை?"

"ஏலும் தங்கச்சி. அதுக்கு ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், இருக்கு. எழுதிக் குடுத்தால் அந்தப் பாடத்துப் புள்ளியைக் கணக்கில எடுக்க மாட்டினம். ஆனா அது, முந்தி ஒருநாளும் இங்கிலீசே படிக்காமல் வந்த பிள்ளையளுக்குத்தான். உங்கட பிள்ளை மூண்டு வருசம் எண்டெல்லோ கிடக்கு?"

"அதை மாத்தி எழுதினால்?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. முதல் சொன்னதை மாத்தக் கூடாது, அது உங்களுக்குத் தெரியாததோ? பள்ளிக்கூடத்துப் பேப்பர் எந்த மேசையில போய் நிக்குமெண்டு ஆர் கண்டது?"

எனக்குத் தெரியாததில்லை. அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் வேதம் அதுதான். முதல் விசாரணையில் என்ன சொன்னாயோ அதையே கடைசி வரைக்கும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வந்தேன் என்று முதல் சொல்லிவிட்டுப் பிறகு ரயிலில் வந்தேன் என்று சொன்ன ஒருவருக்கு, சொல்வது எல்லாம் பொய் என்று கடிதம் வந்தது. அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே மகளுக்குப் பாடம் எடுப்பேன். எந்த நாள் வெளிக்கிட்டோம்? ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? எந்த வழி? ஒரு சொல் பிசகினால் திரும்பவும் முதலில் இருந்து. "ஒருக்காச் சொன்னால் சொன்னதுதான். மாத்தினியோ, எல்லாரையும் பிளேனில ஏத்தி அனுப்பிப் போடுவினம்." அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒப்புவிப்பாள். வெங்காயம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருடத்தை மாற்றாமலேயே அன்ட்ராக்கைக் கொடுத்தோம். பதிலாக வகுப்பு ரீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வந்து கதைக்கச் சொல்லி. அண்ணை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊரில மூண்டு வருசம், இஞ்ச இரண்டு வருசம். அஞ்சு வருசம் படிச்சும் ஒரு வசனம் எழுதத் தெரியாதெண்டால், பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கெண்டு யோசிக்கினம். மந்தமான பிள்ளையளுக்கு வேற பள்ளிக்கூடம் இருக்காம்."

"என்ர பிள்ளை மந்தமோ? உங்களுக்குத் தெரியாத ஜேர்மன் சொல்லையும் அவளெல்லோ சொல்லித் தாறாள்!"

"எனக்குத் தெரியும் தங்கச்சி. பேப்பருக்குத் தெரியாதே."

அவர் எங்களோடு வருவதாகத்தான் இருந்தது. அந்த நாளிலேயே அவருடைய சொந்த விசாரணைக்குத் தெர்மின், வரச் சொல்லித் திகதி, விழுந்துவிட்டது. "உங்கட பிள்ளையே கதைப்பாள், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக நானும் மகளும் மட்டும் போனோம்.

போகிற வழியில், ட்ராமுக்குள், நான் முடிவெடுத்தேன். கேஸ் உடைந்தால் உடையட்டும். என் வாயால் நான் ஒருவரிடமும் பிழை என்று ஒத்துக்கொண்டதில்லை. என் மாமியாரிடம்கூட இல்லை. அன்றைக்கு ஒத்துக்கொள்வதென்று நினைத்தேன்.

வகுப்பறையில் எங்களைச் சின்னக் கதிரைகளில் இருத்தினார்கள். ரீச்சர் நரைத்த தலையுள்ள பெண். முன்னால் எங்கள் கோப்பை வைத்துக்கொண்டு, பேனையோடு இருந்தார். அவர் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மகளிடம் சொன்னேன்:

"ரீச்சரிட்டச் சொல்லு. அம்மா பொய் சொன்னவ. நீ ஒருநாளும் இங்கிலீசு படிக்கேல்லை. பிழை என்னில, பிள்ளையில இல்லை எண்டு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். 

"சொல்லு பிள்ளை. பயப்பிடாதை."

அவள் ரீச்சரின் பேனையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். நான் சொன்னதை விட நீளமாக இருந்தது. ஜேர்மன் அப்படித்தான், நீட்டித்தான் சொல்லும் என்று நினைத்தேன். ரீச்சர் இடையில் ஏதோ கேட்டார். மகள் தலையை ஆட்டினாள். ரீச்சர் எழுதினார். பிறகு அவள் தோளில் கையை வைத்து, என்னைப் பார்த்து, மெல்லத் தலையசைத்தார். மன்னித்துவிட்டார் என்று நான் விளங்கிக்கொண்டேன். எழும்பி நின்று கை கூப்பினேன்.

வெளியில் வந்ததும் அவளுக்கு ஜாம் வைத்த பணிஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அவள் பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தாள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. அன்ட்ராக்கை மறுத்துவிட்டார்கள். பிள்ளையைச் சோதித்து, மந்தமான பிள்ளைகளுடைய அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். சோதனைக்குப் போன நாளும் அவளுக்குச் சத்தி. என்ன எழுதினாளோ தெரியாது. காலையில் ஒரு சின்ன வான் விடுதி வாசலில் வந்து நிற்கும். கொழும்புக்காரியின் மகள் புத்தகப் பையோடு ட்ராமுக்கு ஓடுவாள். என் மகள் அந்த வானில் ஏறுவாள். கொழும்புக்காரி அதற்குப் பிறகு 'பாவம்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

எங்கள் கேஸ் உடையவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. உண்மையைச் சொல்லியும் இவர்கள் இரங்கவில்லையே என்று நான் அந்த ரீச்சரை எத்தனையோ வருடம் திட்டினேன். ஒருநாள் ட்ராமில் என்னை அடையாளம் கண்டு, எழும்பி வந்து, கையை நீட்டினார். நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மகள் அந்தப் பள்ளிக்கூடத்தை முடித்து, முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் வேலைக்குப் போனாள். தாதியாக வர ஆசைப்பட்டவள். அந்தப் படிப்புக்கு அவளுடைய சான்றிதழ் போதாதென்று சொல்லிவிட்டார்கள். கலியாணம் முடிந்து, பிள்ளையும் பிறந்த பிறகு, அவள் ஜேர்மன் பிரஜாவுரிமைக்கு எழுத வெளிக்கிட்டாள். என் வீட்டு மேசையில் பழைய தாள்களை எல்லாம் பரப்பிக்கொண்டு இருந்தோம். பள்ளிக்கூடக் கோப்பிலிருந்து பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு தாளை மட்டும் அவள் எடுத்துக் கீழே வைத்ததைக் கண்டேன்.

"அது என்ன?"

"தேவையில்லாதது."

"வாசி."

"விடுங்கோ அம்மா."

"வாசியடி."

வாசித்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அன்றைக்கு ரீச்சர் எழுதிய குறிப்பு அது. தாய் வந்திருந்தார், பிள்ளை மொழிபெயர்த்தாள். பிள்ளை சொல்வது: ஊரில் மூன்று வருடம் ஆங்கிலம் படித்தேன். நல்ல ரீச்சர் இருந்தார். எனக்குத்தான் தலையில் ஏறவில்லை. அம்மா முதலில் சொன்னது சரி.

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்:

"நான் சொன்னதை நீ சொல்லேல்லையோ?"

"பொய் சொன்னவ எண்டு அந்த மனிசி எழுதினால் எங்களை அனுப்பிப் போடுவினம் எண்டு நினைச்சன். முதல் சொன்னதை மாத்தக் கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

என்னை மன்னித்துக்கொள் என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். என் வாய்க்கு அது வரவில்லை. "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றாள்.

கேத்தலை வைத்துவிட்டுத் திரும்பினேன். படிவத்தோடு சேர்க்கத் தன் வாழ்க்கையை ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் அதை எழுதிக்கொண்டிருந்தாள். பிறந்த இடம், வந்த வருடம், ஊரில் படித்த பள்ளிக்கூடம்.

"இங்கிலீசு படிக்கேல்லை எண்டு எழுது. இனியாவது உள்ளதை எழுது பிள்ளை."

அவள் அந்தப் பழைய தாளைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள்.

"இதில மூண்டு வருசம் எண்டு கிடக்கு அம்மா. மாத்தினால் கேள்வி வரும்."

பேனையை எடுத்து, தெளிவாக, அப்படியே எழுதினாள். தண்ணீர் கொதித்துவிட்டது. நான் போய் அடுப்பை நிற்பாட்டினேன்.